இஞ்சினுக்குள் தங்கிய காற்று

காளியண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலையில், ஒரு இழுவை லோரி அவருடைய வெள்ளைக் காரைக் கொண்டுவந்து இஸ்மத்தின் பட்டறை வாசலில் இறக்கியது. லோரியின் முன்னிருக்கையிலிருந்து காளியண்ணனின் மனைவி தாயம்மா இறங்கினார். பொட்டில்லாத அவர் நெற்றியை இஸ்மத்தால் நேராகப் பார்க்க முடியவில்லை.

“பசியாறிட்டீங்களாக்கா?” என்று கேட்டான்.

“ஆச்சு தம்பி.” அவர் சாவியை நீட்டினார். “இந்தக் காடி அன்னிக்கு ஏன் அப்படி சூடாச்சுன்னு எனக்குத் தெரியணும். ரிப்பேர் அப்புறம் இருக்கட்டும். மொதல்ல பாத்து சொல்லு.”

“பாக்குறேன்க்கா.”

“நான் ஏதும் தப்பா ஓட்டினேனான்னும் பாரு. தப்புன்னா தப்புன்னு சொல்லிடு. மறைக்காத.”

இஸ்மத் சாவியை வாங்கிக்கொண்டான். லோரிக்காரர் தாயம்மாவைப் பேருந்து நிற்கும் இடத்தில் இறக்கிவிடுவதாகச் சொல்லிக் கூட்டிப் போனார். கார் மட்டும் வாசலில் நின்றது. சக்கரத்தில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் சாலையில், ஒரு டயர்க் கடைக்கும் மூடிக் கிடக்கும் மரச்சாமான் கடைக்கும் நடுவில் இருந்தது அந்தப் பட்டறை. இஸ்மத்தின் அத்தாவும் அண்ணனும் சாப்பாட்டுக் கடைக்காரர்கள். தேத்தண்ணி ஆற்றாமல் கிரீஸில் கை வைத்தவன் அந்தக் குடும்பத்தில் அவன் ஒருவன்தான். பத்தொன்பது வருடமாகத் தனியாளாகவே நடத்துகிறான். காளியண்ணன் முதல் வருடத்திலிருந்து வாடிக்கை. முப்பது வருடம் செம்பனைப் பழக்குலை லோரி ஓட்டியவர், தன் காரை மட்டும் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. “பாய் தொட்டாத்தான் அது கேக்கும்” என்பார்.

அவர் இறந்த விதம் தோட்டம் முழுக்கத் தெரிந்ததுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை நெஞ்சு கனக்கிறது என்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார். காலை பத்து மணிக்கு வியர்த்துக் கொட்டியது. இடது கையைத் தூக்க முடியவில்லை. தாயம்மா ஆம்புலன்சைக் கூப்பிடலாமா என்று ரவாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்த மகன் லோகேஸ்வரனைப் போனில் கேட்டார். அது தோட்டத்துக்குள் வழி தேடி வருவதற்குள் நீயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடலாம் என்றான் அவன். தாயம்மாவுக்கு லைசென்ஸ் உண்டு. சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டுவார். கணவரை முன்னிருக்கையில் சாய்த்து உட்காரவைத்து, அவருக்கு வியர்க்கிறதே என்று ஏர்கோனை முழுதாகத் திறந்துவிட்டுப் புறப்பட்டார்.

தோட்டத்து வீடுகளிலிருந்து பெரிய சாலைக்கு ஐந்து கிலோமீட்டர் செம்மண் பாதை. மூன்றாவது கிலோமீட்டரில் வெப்பமானியின் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது. இஞ்சின் மூடியின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. தாயம்மா வண்டியை நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் போனுக்கு லைன் கிடைக்காது. இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பழக்குலை லோரி ஒன்று வந்தது. அதில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது காளியண்ணன் உயிரோடு இல்லை.

அன்று மாலை துக்க வீட்டுக் கூடாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் இஸ்மத் இதைக் கேள்விப்பட்டான். பக்கத்தில் இருந்த ஒருவர், “காடி நடுவழியில சூடாயிடுச்சாம்லா” என்றார். இஸ்மத்தின் கையில் இருந்த கோப்பி ஆறிப்போகும் வரை அப்படியே இருந்தது. ஏனென்றால் அதற்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை மத்தியானம், அந்தக் காருக்கு, இஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் தண்ணீரை மாற்றியவன் அவன்தான்.

கூலண்ட் மாற்றுவது பெரிய வித்தையில்லை. பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஊற்றும்போது இஞ்சினுக்குள் எங்காவது காற்று மாட்டிக்கொள்ளும். அதனால் ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து இஞ்சினை ஓடவிட்டு, சூடு ஏறி விசிறி இரண்டு தடவை சுற்றி நிற்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் ஆகும். அந்தச் சனிக்கிழமை வாசலில் இன்னும் இரண்டு வண்டிகள் நின்றன. ஒரு வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். இஸ்மத் பத்து நிமிடம் நின்றான். மேல் குழாயைத் தொட்டுப் பார்த்தான், சூடு வந்திருந்தது. விசிறி இன்னும் சுற்றவில்லை. இது போதும், மிச்சம் ஓட்டத்தில் தானாக வெளியேறிவிடும் என்று மூடியை முறுக்கிவிட்டான்.

பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். அதனால்தான் முறுக்கினான்.

கூடாரத்தில் உட்கார்ந்திருந்த அந்த மாலையிலிருந்து இந்த வெள்ளிக்கிழமை வரை அவன் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. மனைவி மெகராஜ் பேகத்திடமும் சொல்லவில்லை. நாமாகப் போய்ச் சொல்லத்தான் வேண்டுமா, காரணம் வேறாக இருக்கலாமே என்று ஒவ்வொரு நாளும் ஒரு சமாதானம் கிடைத்தது. இப்போது கார் அவன் முன்னால் நின்றது.

காரைப் பட்டறைக்குள் தள்ளி, இஞ்சின் மூடியைத் தூக்கினான். பக்கத்தில் இருந்த சேமிப்புக் குடுவையில் பச்சை நிறக் கூலண்ட் கோடு வரை நிறைந்திருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. விரலை விட்டான். முழு விரலும் உள்ளே போயும் ஈரம் படவில்லை.

குடுவை நிறைந்திருக்கிறது, ரேடியேட்டர் காய்ந்திருக்கிறது. வெளியே பார்ப்பவனுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். வேலைக்குப் போகும் முன் காளியண்ணன் குடுவையை ஒரு பார்வை பார்த்திருப்பார்.

ஆனால் கொதித்து ஆவியாகப் போனதாலும் அது காய்ந்திருக்கலாம். ஏன் கொதித்தது என்பதுதான் கேள்வி. இஸ்மத் தேட ஆரம்பித்தான். உண்மையைச் சொன்னால், அவன் வேறொரு குற்றவாளியைத் தேடினான்.

முதலில் ஓட்டை. தண்ணீரை நிரப்பிக் காற்றழுத்தக் கருவியை மாட்டிக் கால் மணி நேரம் விட்டான். முள் அசையவில்லை. குழாய்கள், இணைப்புகள், இஞ்சினுக்கு அடியில் எல்லாம் கைவிளக்கை அடித்துப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. ரேடியேட்டர் மூடியின் ரப்பரைத் திருப்பிப் பார்த்தான், புதிதுபோல இருந்தது. விசிறிக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்தான், விர்ரென்று சுற்றியது. தண்ணீர் பம்ப்பை ஆட்டிப் பார்த்தான், ஆடவில்லை.

மிச்சம் இருந்தது தெர்மோஸ்டாட். இஞ்சின் சூடானதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற சின்னக் கதவு அது. அது ஒட்டிக்கொண்டு திறக்காமல் போனால் எந்தக் காரும் கொதிக்கும். அதில் மெக்கானிக்கின் தப்பு ஒன்றுமில்லை. இஸ்மத் அதைக் கழற்றி, தேத்தண்ணி போடும் சட்டியில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து, நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டான். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். திறக்காமல் இரு என்று அவன் மனம் கெஞ்சியது. தண்ணீரில் குமிழ் வரத் தொடங்கியபோது அந்தப் பித்தளைக் கதவு மெதுவாக, ஒழுங்காக, முழுதாகத் திறந்தது.

ஒரு நல்ல சாமானைப் பார்த்து இஸ்மத் அவ்வளவு மனம் உடைந்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

பட்டறையை மூடிவிட்டுக் குளித்து, ஜும்மாவுக்குப் போனான். தொழுகை முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் தூண் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தபோது மெகராஜ் பேகம் கேட்டுவிட்டாள்.

“ரெண்டு வாரமா பாக்குறேன். உங்களுக்கு என்னதான் ஆச்சு?”

அவன் சொன்னான். சனிக்கிழமை, ஹாரன், பத்து நிமிடம், சட்டியில் திறந்த கதவு, எல்லாவற்றையும். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நல்லா பாத்தீங்களா? வேற ஏதும் இருக்கலாம்ல?”

“எல்லாம் பாத்துட்டேன்.”

“சொன்னா அந்தத் தோட்டத்துலேருந்து ஒரு காடி வருமா நம்மகிட்ட?”

“வராது.”

அவள் கரண்டியை மறுபடி எடுத்து அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். பிறகு, “அந்தம்மா முகத்தப் பாத்து எப்படிச் சொல்லுவீங்க?” என்றாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே பட்டறையைத் திறந்தான். தெர்மோஸ்டாட்டை மாட்டி, காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, புதுக் கூலண்டை மெல்ல ஊற்றினான். இஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்திலேயே நின்றான். பெரிய குமிழ்கள் வந்தன. பிறகு சின்னக் குமிழ்கள். மட்டம் இறங்கியது, ஊற்றினான். விசிறி சுற்றி நின்றது. மறுபடி சுற்றி நின்றது. மூடியை முறுக்கி, ஏர்கோனை முழுதாகத் திறந்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டான். ஊசி பாதிக்குக் கீழே, வரைந்துவைத்ததுபோல நின்றது. அந்தக் காரில் வேறு எந்தக் கோளாறும் இல்லை.

ஒன்பதரைக்குத் தாயம்மா பேருந்திலிருந்து இறங்கி வந்தார். இஸ்மத் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

“என்ன தம்பி, பாத்தியா?”

“பாத்தேன்க்கா.” துடைத்த துணியைக் கீழே வைத்தான். “காடியில ஒரு கோளாறும் இல்ல. தப்பு என்னோடது.”

தாயம்மா புரியாமல் பார்த்தார்.

“அண்ணன் கடைசியா கூலண்ட் மாத்த வந்தாருல்ல, அப்ப உள்ள காத்து தங்கியிருக்கு. அது முழுசா வெளிய வர்ற வரைக்கும் நான் நின்னு பாத்திருக்கணும். அவசரத்துல மூடிட்டேன். அன்னிக்கு அண்ணன் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போனப்ப மழை, ஏர்கோனும் தேவைப்பட்டிருக்காது, ஒண்ணும் ஆகல. செவ்வாக்கெழம வெயில்ல, செம்மண் ரோட்டுல, சின்ன கியர்ல, ஏர்கோனும் போட்டு ஏறினப்ப தண்ணி ஓடாம கொதிச்சிருச்சு.”

“ஏர்கோன் போட்டது தப்பா?”

“இல்லக்கா. ஏர்கோன் போட்டா ஒரு நல்ல காடி கொதிக்காது.”

அவர் காரைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். திட்டுவார் என்று இஸ்மத் காத்திருந்தான். அவர் கேட்டது வேறு.

“அப்ப நான் நிப்பாட்டினது?”

“சரிதான்க்கா. ஊசி செவப்புக்குப் போனா நிப்பாட்டத்தான் வேணும். எண்ணெயில தண்ணி கலக்கல, இஞ்சின் பூரா நல்லா இருக்கு. நீங்க உடனே நிப்பாட்டியிருக்கீங்க, அதான்.”

“இன்னும் ரெண்டு கிலோமீட்டர். பெரிய ரோடு வரைக்கும் ஓடியிருக்குமா? அங்க போயிருந்தா யாராச்சும் ஏத்திட்டுப் போயிருப்பாங்க. லோகேஸ் அதத்தான் கேட்டான். அப்பா செத்த அன்னிக்கே கேட்டான். இஞ்சின் போனா போவட்டும்னு ஏம்மா நீ ஓட்டலன்னான். காரியம் முடிஞ்சு போனவன் ஒரு போன்கூடப் பண்ணல.”

ஓடியிருக்காது என்று சொல்லிவிடலாம். அது அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று இஸ்மத்துக்குத் தெரிந்தது. ஆனால் மறைக்காதே என்று அவர் கேட்டிருந்தார்.

“தெரியலக்கா. ஓடியிருக்கலாம். அரைக் கிலோமீட்டர்ல இஞ்சின் இறுகிப்போய் நின்னிருக்கவும் கூடும். என்னால அடிச்சுச் சொல்ல முடியாது.”

தாயம்மா இப்போது நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். சாலையில் நெல் மூட்டை ஏற்றிய லோரி ஒன்று போனது. அது போன சத்தம் அடங்கியதும் பேசினார்.

“அவருதான் நிப்பாட்டச் சொன்னாரு.”

“யாரு, அண்ணனா?”

“ஆமா. கண்ண மூடிக்கிட்டுத்தான் கெடந்தாரு. ஊசி ஏறுறத எப்படிப் பாத்தாருன்னு தெரியல. ‘நிப்பாட்டு தாயி, இஞ்சின் போயிரும்’னாரு. நான் ஓட்டத்தான் பாத்தேன். என் கையப் புடிச்சாரு. ‘சொன்னா கேளு, ஆறட்டும்’னாரு. நிப்பாட்டிட்டேன். முப்பது வருசம் லோரி ஓட்டின மனுசன் சொல்லும்போது எனக்கு என்ன தெரியும்?”

“லோகேஸ்கிட்ட இத சொன்னீங்களா?”

அவர் தலையை ஆட்டி இல்லை என்றார்.

இஸ்மத் சாவியை எடுத்துவந்தான். “நானும் உங்களோட வர்றேன். லோகேஸ் எப்ப வீட்டுக்கு வருவாரு?”

“இன்னிக்குத்தான். அவங்கப்பா இன்சூரன்ஸ் பேப்பரெல்லாம் எடுக்க வர்றேன்னு மெசேஜ் மட்டும் போட்டிருக்கான். மத்தியானத்துக்குள்ள போயிருவான்.” தாயம்மா எழுந்தார். “நீ எதுக்கு வர்ற? உன்னைய அடிச்சாலும் அடிப்பான்.”

“அடிக்கட்டும்க்கா. அவரு உங்கள கேக்கக் கூடாது. என்னையத்தான் கேக்கணும்.”

தாயம்மாதான் ஓட்டினார். இஸ்மத் காளியண்ணன் சாய்ந்திருந்த அதே இருக்கையில் உட்கார வேண்டியிருந்தது. செம்மண் பாதையில் இறங்கியதும் அவர் வேகத்தைக் குறைத்தார். இரண்டு பக்கமும் செம்பனைகள், அடியில் வெட்டிப்போட்ட மட்டைகள். ஒரு வளைவு தாண்டி, ஓரத்தில் ஒரு சின்ன மதகுப் பாலம் வந்த இடத்தில் அவர் காரை நிறுத்தினார். ஊசி ஏறியிருக்கவில்லை; அன்று நிறுத்திய இடம் அதுதான். இரண்டு கைகளாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். இஸ்மத் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவர் கியரைப் போட்டார்.

வீட்டு வாசலில் லோகேஸ்வரனின் மோட்டார் சைக்கிள் நின்றது. இருபத்தொன்பது வயது. ஒரு பிளாஸ்டிக் கோப்பில் காகிதங்களை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தவன், அப்பாவின் கார் பழையபடி ஓடி வந்து நிற்பதைப் பார்த்துத் திகைத்து நின்றான். இஸ்மத் இறங்கியதும் மரியாதைக்கு, “வாங்க பாய்” என்றான்.

இஸ்மத் உட்காரவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னான். தாயம்மாவிடம் சொன்னதைவிட அதிகமாகவே சொன்னான், ஹாரன் அடித்த வேனையும் சொன்னான், ஆனால் அதைச் சாக்காகச் சொல்லவில்லை என்றும் சொன்னான்.

லோகேஸ்வரனின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கோப்பைத் தரையில் போட்டான். நேராக வந்து இஸ்மத்தின் சட்டையைப் பிடித்தான்.

“இருபது நிமிசம்! இருபது நிமிசம் நிக்க முடியலயா உங்களுக்கு? எங்கப்பா உங்கள விட்டா வேற யாருகிட்டயும் போனதில்ல, தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சு என்ன பண்ண!” அவன் ஓங்கிய கை காரின் கூரையில் இறங்கியது. தகரம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“லோகேஸ்! கைய எடு,” என்றார் தாயம்மா. “அவன் சொல்லலன்னா உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா?”

“உனக்காகத்தாம்மா கேக்குறேன்!”

“எனக்காக நீ ஒண்ணும் கேக்கல. என்னையத்தான் கேட்ட.”

லோகேஸ்வரனின் பிடி தளர்ந்தது. இஸ்மத் மெதுவாகச் சொன்னான். “தம்பி, அம்மாவா நிப்பாட்டல. அண்ணன் சொல்லித்தான் நிப்பாட்டினாங்க. உங்ககிட்ட அத சொல்லாம வச்சிருக்காங்க.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அடுத்த நொடியே அவனுக்குப் பட்டது. தாயம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். லோகேஸ்வரன் அம்மாவின் பக்கம் திரும்பினான்.

“நெஜமாம்மா?”

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

“ஏம்மா சொல்லல?”

“என்னன்னு சொல்லச் சொல்ற? உங்கப்பா சொன்னதுனாலதான் உங்கப்பா செத்தாருன்னா? அவரு நல்லதுன்னு நெனச்சுச் சொன்னாரு. போன மனுசன் மேல அதையும் போட்டு அனுப்பச் சொல்றியா?” தாயம்மாவின் குரல் உடைந்தது. “என்னையவே திட்டிட்டுப் போன்னு விட்டுட்டேன்.”

லோகேஸ்வரன் வாசற்படியில் உட்கார்ந்தான். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். “நான்தாம்மா சொன்னேன், ஆம்புலன்ஸ் வேணாம்னு,” என்றான் விரல்களுக்குள்ளிருந்து. “நான்தான் சொன்னேன். அத யாருகிட்ட போய்ச் சொல்ல? அதான் உன்கிட்ட பேச முடியல.”

தாயம்மா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தலையில் கை வைத்தார். அதற்கு மேல் அங்கே நிற்கத் தனக்கு உரிமையில்லை என்று இஸ்மத்துக்குத் தோன்றியது. சொல்லிக்கொள்ளாமல் திரும்பி நடந்தான்.

ஐந்து கிலோமீட்டர் நடந்து பெரிய சாலைக்குப் போய்ப் பேருந்து பிடிக்க வேண்டும். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டான், பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. லோகேஸ்வரன் பக்கத்தில் வந்து நிறுத்தினான். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

“ஏறுங்க. அம்மா கொண்டுபோய் விடச் சொன்னாங்க.”

“பரவால்ல தம்பி, நான் நடந்து…”

“ஏறுங்க பாய்.”

பட்டறை வாசலில் இஸ்மத் இறங்கினான். லோகேஸ்வரன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க,” என்றான்.

“நெனக்கல.”

“இனிமே அந்தக் காடிய இங்க கொண்டு வர மாட்டோம்.”

“சரி தம்பி.”

பேச்சு முடிந்துவிட்டது என்று இஸ்மத் நினைத்தான். ஆனால் லோகேஸ்வரன் வண்டியை எடுக்கவில்லை.

“தீபாவளிக்கு அப்புறம் அப்பா போற வரைக்கும் நான் வீட்டுக்கே வரல. போன்லயும் ரெண்டு வார்த்தைதான். அந்தச் சனிக்கிழமை அப்பா இங்க இருந்தாருல்ல. என்ன பேசினாரு?”

இஸ்மத்துக்கு உடனே நினைவு வந்தது. வந்ததும், இந்த நேரத்தில் அதைச் சொல்லலாமா என்று தயங்கினான்.

“ஒண்ணும் பெரிசா இல்ல தம்பி. ஒரு முசாங் கதை.”

“முசாங்கா?”

“ஆமா, மரநாய். பழம் ஏத்திக்கிட்டு மில்லு வாசல்ல வரிசையில நின்னாராம். வெயிலுக்கு அப்படியே ஸ்டீரிங்லயே தூங்கிட்டாரு. பழக்குலையோட சேந்து ஒரு முசாங்கும் ஏறி வந்திருக்கு. அது சன்னல் வழியா உள்ள பூந்து அண்ணன் மடியில குதிச்சிருச்சு. அவரு இந்தக் கதவத் தொறந்து குதிச்சாராம், அது அந்தக் கதவு சன்னலால குதிச்சுச்சாம். மில்லு கார்டு வந்து பாத்துட்டு, ‘உங்க ரெண்டு பேருல யாரு டிரைவரு’ன்னு கேட்டானாம்.”

லோகேஸ்வரனின் வாயிலிருந்து ஒரு சிரிப்பு தெறித்தது. அதைத் தொடர்ந்து வந்தது சிரிப்பில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவன் தோள் குலுங்க அழுதான். இஸ்மத் கை நீட்டவில்லை. பக்கத்தில் நின்றான்.

“அம்மாவுக்குத் தெரியுமா இது?” என்று லோகேஸ்வரன் கேட்டான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“தெரியாதுன்னு நெனக்கிறேன். ‘தாயிகிட்ட சொல்லிராதீங்க பாய், ஒரு வருசத்துக்கு வச்சு ஓட்டுவா’ன்னாரு.”

லோகேஸ்வரன் கையால் கண்ணைத் துடைத்தான். மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். ரவாங்குக்குப் போகும் பக்கம் திருப்பவில்லை. வந்த வழியே, தோட்டத்தைப் பார்த்துத் திருப்பினான்.